செய்கூலி, சேதாரம், வட்டி

(அம்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தீர்கள். மீதிப் பேர் வீட்டில் என்ன காரணம் சொல்லிவிட்டு வந்தீர்களோ, அது உங்கள் பாடு. அரிய, விலை உயர்ந்த வின்டேஜ் போர்ட் ஒயின் அதன் விலைக்குத் தகுமா? இதுதான் இன்றைய பேச்சு. அம்பத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அமைப்பாளர்களிடம் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. 1964இல் இங்கே தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊர் ஒரு வேலையைத்தான் இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது: ஒரு பொருளைக் கையில் எடுத்து, இதன் அடக்க விலை என்ன, இவன் கேட்கும் விலை என்ன, நடுவில் இருப்பது எங்கே போகிறது என்று பார்ப்பது. நானும் பல வருடம் ஒரு பட்டறையில் காஸ்டிங் தாளோடு உட்கார்ந்திருந்தவன். ஒயின் ருசிப்பவர்கள் போர்ட்டைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். கொட்டேஷன் பார்த்துப் பழகியவர்கள் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பதுதான் எனக்கு ஆர்வம்.

அதற்கு முன்னால் ஒரு கடன் இருக்கிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் விலையைப் பற்றியே ஒரு குறள் சொல்லியிருக்கிறார். காசு கொடுத்துத் தன் உடம்பே தனக்குத் தெரியாத நிலையை வாங்குகிறானே, இவனுக்குச் செய்வதறியும் அறிவு இல்லை என்கிறார். அவர் கணக்கில் எந்தப் புட்டியும் எந்த விலைக்கும் தகாது. சம்பள நாளில் இந்தப் பகுதி டாஸ்மாக் கடை வாசல்களைப் பார்த்தவர் யாரும் அவரை மறுத்துப் பேச முடியாது, நானும் மறுக்கவில்லை. குடி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு மேடை. ஒரு பொருளுக்கு நாற்பது வருடம் வயதாவதால் மதிப்பு கூடுகிறதா, கூடினால் எவ்வளவு, அதை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் நம் விஷயம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். போர்ச்சுகலின் வடக்கில் டோரோ என்றொரு ஆறு. இரு கரையும் செங்குத்தான மலை. மண் என்று சொல்வதற்கில்லை, ஏடு ஏடாகப் பிளக்கும் பாறை. அதைப் படிக்கட்டாக வெட்டித் திராட்சைக் கொடி வைத்திருக்கிறார்கள். பல சரிவுகளில் இன்றும் கையால்தான் பறிக்கிறார்கள். பறித்த பழத்தைக் கருங்கல் தொட்டியில் கொட்டி, வரிசையாகத் தோள்மேல் கைபோட்டு நின்று, காலால் மிதிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் சாறு பாதி புளித்திருக்கும், பாதிச் சர்க்கரை மீதியிருக்கும். அந்த நேரம் பார்த்து, 77 சதவீதம் சாராயச் சத்துள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். பழைய கணக்குப்படி 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். சேர்ந்து 550 லிட்டர், ஒரு ‘பைப்’ பீப்பாய். நொதிக்கவைக்கும் நுண்ணுயிர் அந்த வீரியத்தில் செத்துவிடும். இனிப்பு அப்படியே நின்றுவிடும். சாதாரண ஒயினில் 12, 13 சதவீதம் இருக்கும் சத்து இதில் 20 பக்கம் வந்துவிடும்.

இது ஏன் இங்கிலாந்துக்காரன் பானமாயிற்று என்பது வரி விவகாரம். 1703இல் கையெழுத்தான மெதுவன் ஒப்பந்தப்படி, போர்ச்சுகல் ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சுங்கம். பிரான்சோடு அவர்களுக்கு ஓயாத சண்டை வேறு. தேவை ஏறியது, ஏறியதும் கலப்படமும் ஏறியது. வெளிறிப்போன ஒயினுக்கு நிறம் வர எல்டர் என்ற செடியின் கறுத்த பழத்தைப் பிழிந்து ஊற்றினார்கள். 1756இல் போர்ச்சுகலின் முதன்மை அமைச்சர் பொம்பால் தலையிட்டு, இந்த எல்லைக்குள் விளைந்ததுதான் போர்ட் என்று டோரோவுக்குக் கோடு கிழித்தார். எல்டர் செடிகளைப் பிடுங்கி எறியவும் உத்தரவு போட்டார். திருப்பதி லட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் நாம் இன்று வாங்கிவைத்திருக்கும் புவிசார் குறியீட்டுக்கு அவர் ஒரு வகையில் பாட்டனார்.

போர்ட்டில் பெரும்பகுதி பீப்பாயில் கிடந்து, கலந்து, விற்கப்படும் சாதாரணச் சரக்கு. வின்டேஜ் என்பது மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு அளவுதான். பத்து வருடத்தில் சுமார் மூன்று வருடம், விளைச்சல் அசாதாரணமாக அமைந்தால், டெய்லர், கிரஹாம், ஃபொன்செகா போன்ற நிறுவனங்கள் ‘இந்த வருடம் வின்டேஜ்’ என்று அறிவிக்கும். 2016, 2017 என்று அடுத்தடுத்த இரண்டு வருடமும் பெரும்பாலான நிறுவனங்கள் அறிவித்ததை ஒரு அதிசயமாகவே பேசினார்கள். அறிவித்த ஒயின் இரண்டு வருடம் போலப் பீப்பாயில் இருந்துவிட்டு, வடிகட்டாமல் புட்டிக்குப் போகும். அதன் பிறகு வேலை முழுக்க இருட்டில் நடக்கிறது. இருபது, முப்பது, ஐம்பது வருடம். கரடுமுரடான துவர்ப்பு மெல்ல மெல்லச் சேர்ந்து கனத்து, அடியில் வண்டலாகப் படியும். திறக்கிற அன்று புட்டியை முன்கூட்டியே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் வேறு பாத்திரத்துக்கு ஊற்ற வேண்டும்.

சரி, காஸ்டிங்குக்கு வருவோம். நகைக்கடை பில் எல்லோருக்கும் தெரியும்: செய்கூலி, சேதாரம். இங்கே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வட்டி.

செய்கூலியில் எனக்குச் சண்டையில்லை. மலைச்சரிவில் கையால் பறித்து, காலால் மிதித்து, பத்தில் ஏழு வருடச் சரக்கைச் சாதாரண விலைக்குத் தள்ளிவிட்டு, மீதி மூன்றிலும் சிறந்ததை மட்டும் பொறுக்கி எடுக்கிறான். அந்தக் கூலி அதிகமாகத்தான் இருக்கும்.

சேதாரத்தில் நமக்கு நேரடி அனுபவமுள்ள ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு அம்ருத் நிறுவனம் 2004இல் தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகும். அதை ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். பெங்களூரில் இது பத்து சதவீதத்துக்கு மேல். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: அங்கே நாற்பது வருடம் வைத்தால் நூற்றுக்கு 45 லிட்டர் மிஞ்சும். இங்கே எட்டு வருடத்திலேயே 43 லிட்டர்தான் மிச்சம். அதனால்தான் அம்ருத் தன் அதிக வயதுள்ள விஸ்கிக்கு, பேராசை பிடித்த தேவதைகள் என்று அர்த்தம் வர, ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’ என்று பெயர் வைத்தது. அந்த விலையில் ஒரு பெரும் பகுதி காற்றில் போன சரக்கின் விலை. அது நேர்மையான சேதாரம். ஆனால் வின்டேஜ் போர்ட் புட்டிக்குள் தக்கையடைத்துக் கிடக்கிறது, ஆவியாக அதிகம் வழியில்லை. அதன் சேதாரம், தக்கை கெட்டுப்போகும் புட்டிகள் மட்டும்தான்.

மிச்சமிருப்பது வட்டி. சுவாரசியம் இங்கேதான். புதிதாக வெளியாகும் நல்ல வின்டேஜ் புட்டி லண்டனில் 8,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டு சதவீத வட்டியில் பணம் ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 36 வருடத்தில் நான்கு முறை, அதாவது பதினாறு மடங்கு. கிடங்கு வாடகை, காப்பீடு எதுவும் சேர்க்காமலே அந்தப் புட்டி 1,28,000 ரூபாய்க்கு விற்றால்தான் வைத்திருந்தவனுக்கு அசலும் வட்டியும் கட்டும். நிலவரம் என்ன தெரியுமா? 1980களின் நல்ல வின்டேஜ் போர்ட் பலவும் இன்று புதுப் புட்டி விலையை ஒட்டியே கிடைக்கின்றன. கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய. நாற்பது வருடம் ஒருவன் இருட்டில் காத்த கூலி கிட்டத்தட்டச் சும்மா!

ஏன்? சாப்பாட்டுக்குப் பின் மேசைத் துணியை எடுத்துவிட்டு இனிப்பு ஒயினைச் சுற்றிவிடும் கனவான்கள் அருகிவிட்டார்கள். கிளப்புகளின் நிலவறைகள் காலியாகின்றன. பிள்ளைகளுக்கு வேண்டாம், ஏலத்துக்கு வருகிறது. பிரான்சின் போர்தோ ஒயினுக்கு ஹாங்காங்கில் வரிசையில் நிற்கிறார்கள். இதற்கு அந்த அளவு நிற்பதில்லை. ஆகவே என் முதல் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வயதான, பெயர் பெற்ற, ஆனால் அரிதல்லாத வின்டேஜ் போர்ட் அதன் விலைக்குத் தகும். காஸ்டிங் தாள் படி பார்த்தால் அது நஷ்டத்துக்கு விற்கப்படும் பொருள்.

வயதுக்கு விலை கொடுப்பது நமக்கும் புதிதில்லை. செங்குன்றம் அரிசி மண்டிகளில் புது அரிசிக்கு ஒரு விலை, ஒரு வருடம் பழசானதற்கு அதைவிடக் கூடுதல் விலை. காரணம் எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்கள்: புது அரிசி குழைந்துவிடும், பழையது தண்ணீர் வாங்கி உதிரியாக வரும், அதே படிக்குக் கூடுதல் சோறு காணும். கொடுத்த காசு பானையில் தெரிகிறது. முப்பது வருட அரிசி என்று சொல்லி எவனாவது கிலோ லட்ச ரூபாய்க்கு விற்க வந்தால் மண்டியில் சிரிப்பார்கள். அரிசி வியாபாரத்தில் வயதுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. ஒயின் வியாபாரத்தில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

எடுத்துவிட்ட இடத்தில் என்ன நடக்கிறது? 1931ஆம் வருடத்தைப் பாருங்கள். டோரோவில் அற்புதமான விளைச்சல். ஆனால் உலகமெங்கும் பொருளாதாரச் சரிவு. 1927ஆம் வருடச் சரக்கே விற்காமல் கிடங்கில் அடைந்து கிடந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் வின்டேஜ் அறிவிக்கவே இல்லை. கின்டா டோ நோவால் என்ற நிறுவனம் துணிந்து அறிவித்தது. அதன் தோட்டத்தில் ஒரு சிறு துண்டு நிலத்துக்கு ‘நாசியோனல்’ என்று பெயர். அமெரிக்காவிலிருந்து வந்த பைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி 1860களின் கடைசியில் டோரோவுக்குள் நுழைந்து கொடிகளை அழித்த பிறகு, எல்லோரும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் திராட்சை வளர்க்கிறார்கள். நாசியோனலில் ஒட்டு இல்லை, சொந்த வேர். அந்தத் துண்டின் 1931ஆம் வருடப் புட்டி இன்று சேகரிப்பாளர்களின் கனவு. அது நல்ல ஒயின் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் விலையைத் தூக்கியது ருசி மட்டுமல்ல. மற்றவர்கள் அந்த வருடம் கையில் காசில்லாமல் பின்வாங்கினார்கள், அதனால் சரக்கு குறைந்தது. 1931இன் பஞ்சத்துக்கு இன்று பணம் கட்டுகிறோம்.

இன்னும் மேலே போவோம். 2018 நவம்பரில் ஹாங்காங் ஏலத்தில் நீபோர்ட் நிறுவனத்தின் 1863ஆம் வருடப் போர்ட் 9,92,000 ஹாங்காங் டாலருக்குப் போனது. நம் காசில் அன்றைக்குச் சுமார் 90 லட்சம். உலகத்திலேயே அதிக விலைக்கு விற்ற போர்ட் என்று கின்னஸில் பதிந்தார்கள். அதை அடைத்திருந்தது லாலிக் நிறுவனத்தின் கைவேலைக் கண்ணாடிக் குடுவை. குடுவைக்கு எவ்வளவு, உள்ளிருப்பதற்கு எவ்வளவு, 1863 என்ற நான்கு எண்களுக்கு எவ்வளவு என்று பில்லில் பிரித்துப் போட்டிருந்தால் நமக்கு உதவியாக இருந்திருக்கும்.

எண்ணுக்குக் காசு என்று ஆனதும் எண்ணைச் செதுக்க ஆள் வந்துவிடுவான். இது இந்த ஊர்க்காரர்கள் ரசிக்கக்கூடிய கதை. 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டி ஏலத்தில் 1787 என்று பொறித்த, லஃபித் என்ற போர்தோ ஒயின் புட்டி ஒன்று 1,05,000 பவுண்டுக்கு விற்றது. அதில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் பெயரெழுத்துகள் இருந்தன. கொண்டுவந்தவர் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மன்காரர். வாங்கிய ஃபோர்ப்ஸ் குடும்பம் காட்சிக்கு வைத்தது. விளக்குச் சூட்டில் தக்கை காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்தது. அதே மாதிரிப் புட்டிகளை வாங்கியிருந்த கோடீசுவரர் பில் கோக் பிற்பாடு நிபுணர்களை அமர்த்திப் பார்த்தார். அந்தப் பொறிப்பு, பல் வைத்தியரின் டிரில் போன்ற, மின்சாரத்தில் சுழலும் கருவியால் செதுக்கியது என்றார்கள்! பதினெட்டாம் நூற்றாண்டில் ஏது மின்சாரக் கருவி? ரோடன்ஸ்டாக் கடைசிவரை குற்றச்சாட்டை மறுத்தார். ஒயின் மேதைகள் வருடக்கணக்கில் அந்தச் சரக்கை முகர்ந்து, ருசித்து, வியந்திருந்தார்கள். நம் டூல்ரூமில் ஒரு சீனியர் ஃபிட்டரிடம் கொடுத்திருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்.

அவர்கள் வியந்ததும் பொய்யல்ல. கலிபோர்னியாவில் செய்த ஒரு சோதனையின் முடிவு 2008இல் வெளியானது. மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரத்துக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, ஒரே ஒயினை ஒருமுறை பத்து டாலர் என்றும் இன்னொருமுறை தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். தொண்ணூறு டாலர் என்றபோது கூடுதலாகப் பிடித்திருந்தது என்றார்கள். மூளையில் இன்பத்தைக் காட்டும் பகுதியும் கூடுதலாக விழித்தது. அவர்கள் நடிக்கவில்லை. விலையே ஒரு சேர்மானமாகக் கலந்துவிடுகிறது. அப்படியானால் 90 லட்சம் கொடுத்தவர் உண்மையிலேயே 90 லட்சத்துக்கு ரசிக்கிறார் என்று ஒருவர் வாதாடலாம். நான் ஒப்புக்கொள்ளத் தயார், ஒரு நிபந்தனையோடு: அவர் அதைத் திறந்திருக்க வேண்டும். பெரும்பாலானவை திறக்கப்படுவதே இல்லை.

இனி நம் ஊர். போர்ட்டின் அண்ணன் தம்பி முறையில் ஒரு ஒயின் இருக்கிறது, மதீரா. அதுவும் போர்ச்சுகலுடையது, அட்லாண்டிக்கில் அதே பெயருள்ள தீவில் விளைவது. அதற்கு அரிய சரக்கு என்ற பட்டத்தை வாங்கித் தந்ததில் சென்னைக்கும் பங்குண்டு. 1640இல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் மதீராவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் பயணம் செய்து இங்கே வரும். பூமத்திய ரேகையைத் தாண்டும்போது கப்பலின் அடித்தளம் கொதிக்கும். அதோடு நம் வெயில். கெட்டுப்போயிருக்க வேண்டிய ஒயின் கெடவில்லை. வெந்து, கருகிய வெல்லப் பாகு போல மணத்து, முன்னைவிட நன்றாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரின் பானம் என்றால் முதலில் மதீராதான்.

விற்காமலோ, வேண்டுமென்றேயோ திரும்பிப்போன பீப்பாய்கள் இன்னொரு முறை அதே வெப்பத்தைத் தாண்டின. இந்தியாவுக்குப் போய்வந்த மதீராவுக்கு லண்டனில் கூடுதல் விலை. சுற்றிவந்த ஒயின் என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. இந்த வெயிலுக்குப் பட்டணத்தில் இதுவரை யாரும் காசு கொடுத்ததில்லை என்று நினைத்திருந்தேன், லண்டன்காரன் கொடுத்திருக்கிறான். பிறகு தீவுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். வேண்டியது கடலா, சூடா? சூடுதான் என்று தெரிந்ததும் கப்பலை விட்டுவிட்டுச் சூடேற்றும் அறை கட்டினார்கள். இன்று சாதாரண மதீராவை 45 முதல் 50 டிகிரி சூட்டில் மூன்று மாதமாவது வைத்து முடித்துவிடுகிறார்கள். உலகைச் சுற்றிவர வேண்டியிருந்த வேலை ஒரு ஷெட்டுக்குள் வந்துவிட்டது. இந்த மாதிரிக் கதை நமக்கு நன்றாகப் புரியும்.

வின்டேஜ் போர்ட்டுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. அதற்கு 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, படுக்கை நிலை, அசையாமை. பாடியிலோ கொரட்டூரிலோ மூன்றாவது மாடி ஃபிளாட்டில், மே மாதத்தில், மின்வெட்டு வேறு. இரண்டு கோடை தாண்டினால் வெந்து கெட்டுப்போன பெரிய விலைப் புட்டிக்குச் சொந்தக்காரராகிவிடுவீர்கள். இறக்குமதி ஒயினுக்கு இந்தியச் சுங்க வரி நீண்ட காலம் 150 சதவீதமாக இருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் நஷ்டத்துக்கு விற்கும் பொருள் இங்கே இறங்கும்போது லாபமான கொள்முதல் அல்ல. காசு கொடுத்துத்தான் ஆவேன் என்பவருக்கு என் யோசனை மதீரா. ஏற்கெனவே வெந்தது, அம்பத்தூர் வெயில் அதை ஒன்றும் செய்யாது. திறந்த பிறகும் மாதக்கணக்கில் கிடக்கும். வின்டேஜ் போர்ட் திறந்தால் இரண்டு மூன்று நாள்தான்.

அயல்நாட்டு ஒயினுக்கு இந்த மண்ணில் வயது இருநூறு முந்நூறு அல்ல, இரண்டாயிரம். முதல் நூற்றாண்டில் எழுதிய ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க நூல் முசிறித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளைப் பட்டியலிடும்போது ஒயினையும் சொல்லி, அதிகமில்லை என்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் சாடிகளின் உடைசல் கிடைத்தது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித்தர நீ பருகி மகிழ்ந்திரு என்று பாண்டியனை வாழ்த்துகிறார். குறைவாக வரும், தொலைவிலிருந்து வரும், தங்கத்தில் ஊற்றப்படும். ஹாங்காங் ஏலத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. மலைபடுகடாமில் குறவர் மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் மதுவும் வருகிறது. அதுவும் வயதேறிய சரக்குதான், விலை மட்டும் இல்லை. வருகிற விருந்தாளிக்கு அது சும்மா கிடைத்தது.

எனக்குப் பிடித்த விலைக்கணக்கு அதியமானுடையது. அவன் இறந்த பிறகு ஔவையார் பாடிய, புறநானூற்றின் 235ஆம் பாட்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தானும் குடித்து மகிழ்வான் என்கிறார். சரக்கு குறைந்தால் விலையை ஏற்றுவது சந்தை வழக்கம். சரக்கு குறைந்தால் தன் பங்கை விட்டுக்கொடுப்பது அவன் வழக்கம். அரிய புட்டியைப் பெட்டகத்தில் வைத்து, அதன் ஏல விலையை வருடாவருடம் பார்த்துக்கொள்பவரை ஔவையாரிடம் அறிமுகப்படுத்தினால் என்ன பாடுவார் என்று எனக்குத் தெரியும். இந்த மேடையில் சொல்லக்கூடியதல்ல.

‘இவ்வளவு பேசுகிறீர்களே, காசு கொடுத்தால் நீங்கள் எதை வாங்குவீர்கள்?’ என்று முன்வரிசை ஐயா ஆரம்பத்திலேயே சீட்டு அனுப்பியிருக்கிறார். 1931 வேண்டாம். 1863ஐ யாராவது குடுவையில்லாமல் கொடுத்தால் யோசிக்கிறேன். இங்கிலாந்தில் குழந்தை பிறந்தால் அந்த வருடத்துப் போர்ட்டை வாங்கி எடுத்துவைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. என் பேத்தி பிறந்தது 2017. நல்ல வருடம் என்று டோரோக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருடத்துப் புட்டி ஒன்றை வாங்கி, இங்கே கொண்டுவராமல், அங்கேயே ஒரு குளிர்ந்த கிடங்கில் வாடகைக்குப் படுக்கவைப்பேன். தமிழ்நாட்டுச் சட்டப்படி குடிக்க வயது 21. 2038இல் அவளுக்கும் 21, புட்டிக்கும் 21. அவள் வேண்டாம் என்று சொன்னால் ஏலத்தில் விற்கட்டும். வட்டி கட்டாது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்ற கேள்வியை மட்டும் கூட்டம் முடிந்து வெளியே வைத்துக்கொள்ளலாம்.